பிடியிழப்பு, சுழல்வீழ்வு: தொடக்கக்கால ராணுவ விமான விபத்துக் கட்டுரைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 1908 முதல் 1918 வரையிலான ராணுவ விமான விபத்துகள் பற்றிய தமிழ்க் கட்டுரையின் வரைவைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் ‘ஸ்டால்’ வரும் இடமெல்லாம் ‘இயந்திரம் நின்று’ என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. சாலையில் கார் ‘ஸ்டால்’ ஆனால் இயந்திரம் நின்றுவிட்டது என்று பொருள். விமானத்தில் அப்படி இல்லை. இயந்திரம் முழு வேகத்தில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே அது நேரலாம். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டியதும், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து போய்விடுகிறது. தூக்குவிசை சட்டென்று குறைகிறது. நடப்பது இவ்வளவுதான்.

இதில் சொல் தவறினால் வரலாறே தவறிவிடும். அமெரிக்க ராணுவம் வாங்கிய ரைட் ‘சி’ வகை விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1912, 1913 ஆண்டுகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து அதிகாரிகளைப் பலிகொண்டன. மூக்கு குத்தி விழும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த இயந்திரம் விமானியின் மேலேயே வந்து சாய்ந்தது. விமானிகள் கோணத்தைத் தவறாகக் கணித்து ‘ஸ்டால்’ ஆக்கிவிடுகிறார்கள் என்பது ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட்டின் வாதம். கோணத்தைக் காட்டும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கினார். ராணுவம் அதோடு விடவில்லை. 1914இல் அமைந்த விசாரணைக் குழு, இயந்திரம் பின்னால் இருக்கும் வகையையே ஒதுக்கிவிடச் சொன்னது. இந்த வழக்கில் ‘இயந்திரம் நின்று விழுந்தது’ என்று எழுதினால், ஆர்வில் எதைப் பற்றி வாதாடினார் என்பதே வாசகருக்குப் புரியாது.

‘ஸ்டால்’ என்பதற்குத் தமிழில் இதுவரை இங்கு வந்த பரிந்துரைகளில் ‘தூக்கிழப்பு’ பொருளால் சரி. ஆனால் அவசரத்தில் படிப்பவர் விமானிக்குத் தூக்கம் கெட்டதாக நினைத்துக்கொள்வார். ‘இறக்கைச் சோர்வு’ வேண்டாம். உலோகச் சோர்வு என்பது தனி நோய், அதற்கும் இதே கட்டுரையில் வேலை வரும். ‘நிலைகுலைவு’ எதற்கும் பொருந்தும், அதனாலேயே இதற்குப் பொருந்தாது.

என் பரிந்துரை ‘பிடியிழப்பு’. காற்று இறக்கையை விட்டுப் பிரிவதை அப்படியே சொல்கிறது. வினையாகவும் வளைகிறது: விமானம் பிடியிழந்தது, பிடியிழக்கும் கோணம், பிடியிழப்பு வேகம். பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்கும் கலைச்சொற்கள் அகராதியிலேயே தங்கிவிடுகின்றன.

அடுத்து ‘ஸ்பின்’, அதாவது விமானம் பிடியிழந்து சுழன்றபடி விழுவது. ‘கறங்கு’ என்று பரிந்துரைத்த அன்பருக்கு என் வணக்கம். கறங்கோலை காற்றில் சுற்றுவதைப் பார்த்தவருக்கு அந்தச் சொல் இனிக்கும். ஆனால் சங்கப் பாடல்களில் கறங்கும் அருவி ஒலிக்கும் அருவி அல்லவா? இரு பொருளில் ஒன்றை உரையாசிரியர் விளக்க வேண்டிய சொல் விபத்து அறிக்கைக்கு ஆகாது. ‘சுழல்வீழ்வு’ போதும். ‘விமானம் சுழன்று வீழ்ந்தது’ என்று யாரும் கேட்காமலே எழுதுவார்கள்.

இதற்கு உரைகல்லாக 1912 ஆகஸ்ட் 25ஆம் தேதி நடந்ததைச் சொல்லலாம். பிரிட்டனின் சாலிஸ்பரி சமவெளியில், லார்க்ஹில்லில் ராணுவ விமானப் போட்டி. கடற்படை லெப்டினன்ட் வில்ஃபிரட் பார்க், மூடிய அறை கொண்ட ஆவ்ரோ விமானத்தில் ஒரு பயணியுடன் வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். இறக்கம் செங்குத்தாகிவிட்டதாகத் தோன்ற, மூக்கைத் தூக்கினார். விமானம் பிடியிழந்து இடப்பக்கம் சுழலத் தொடங்கியது. இயந்திரத்தை முழுதும் திறந்தார், கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார், சுக்கானைச் சுழலும் பக்கமே மிதித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. உடலை நிறுத்த ஒரு கையால் அறைச் சட்டத்தைப் பற்றியபோது, தன்னை வெளிப்புறமாக ஏதோ தள்ளுவதை உணர்ந்தார். உடனே சுக்கானை எதிர்ப்பக்கம் முழுவதும் மிதித்தார். சுழற்சி நின்றது. அப்போது தரைக்கும் அவருக்கும் இடையே சுமார் 50 அடி. கீழே நின்றவர்களில் விமானிகளும் இருந்தார்கள்; பார்க்கைத் துருவித் துருவிக் கேட்டார்கள். ‘பார்க் டைவ்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்த மனிதர் அதே ஆண்டு டிசம்பரில் வெம்ப்ளி அருகே வேறொரு விபத்தில் இறந்தார்.

அன்றைய ஏடுகள் இதைத் திருகுபோல் இறங்கும் பாய்ச்சல் என்றே வருணித்தன. இன்று அது வேறு நிகழ்வு. திருகுப் பாய்ச்சலில் இறக்கை பிடியிழப்பதில்லை, வேகம் ஏறிக்கொண்டே போகும். சுழல்வீழ்வில் வேகம் ஏறாது. ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாகப் பிடியிழந்திருக்கும். ஆகவே பழைய ஏட்டுச் சொல்லை நேராகப் பெயர்க்காமல், நடந்தது எது என்று பார்த்து அதற்குரிய சொல்லை இட வேண்டும்.

அன்புடன்.

மறுமொழி:

ஐயா, விளக்கம் தெளிவு. இரண்டு ஐயங்கள். பிடியிழப்பு என்றால் டயர் வழுக்குவதை நினைக்க மாட்டார்களா? இன்னொன்று, வரைவின் முதல் விபத்து 1908 செப்டம்பர் 17, அமெரிக்காவின் ஃபோர்ட் மையர். லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ் இறந்தது. அதுவும் பிடியிழப்புதானா?

மறுமொழி:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அது பிடியிழப்பில் தொடங்கவில்லை. உந்துவிசிறியின் அலகு விரிசல் விட்டு, பின்பக்கச் சுக்கானைத் தாங்கிய கம்பியில் அடித்தது. ஆர்வில் ரைட்டின் கையில் கட்டுப்பாடு இல்லாமல் போனது. அங்கே ‘உறுப்பு முறிவு’ என்று எழுதுங்கள். 1913 மே மாதம் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தரின் பி.இ.2 விமானத்தில் இறக்கை ஒடிந்ததும் இந்த வகைதான். அதில் யாரோ அரைகுறையாக ஒட்டி மறைத்த பழுது இருந்தது. கோபம் வருகிற கதை, அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

டயர் விஷயம்: குழப்பம் வரும் இடத்தில் முதல் முறை ‘இறக்கைப் பிடியிழப்பு’ என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

வரைவின் கடைசிப் பகுதிக்கும் ஒரு சேர்க்கை. பிரிட்டனின் ராணுவ விமான ஆய்வுக்கூடம் இருந்த ஃபார்ன்பரோவில் சோதனை விமானி ஃபிராங்க் குடன் 1916இல் எஃப்.இ.8 விமானத்தை வேண்டுமென்றே சுழல்வீழ்வில் விட்டு மீட்டுக் காட்டினார். 1917இல் இயற்பியலாளர் லிண்டமன் அங்கே தாமே ஓட்டிச் சுழன்று அளவெடுத்தார். அதே ஆண்டு காஸ்போர்ட் விமானப் பயிற்சிப் பள்ளியில் ஸ்மித்-பாரி இதைப் பயிற்சிப் பாடமாகவே வைத்தார். ‘சுழல்வீழ்வு மீட்பு’ என்ற தொடர் அந்தப் பகுதிக்குத் தேவைப்படும்.

‘சைட் ஸ்லிப்’ இன்னும் நிற்கிறது. அன்றைய அறிக்கைகளில் அந்தச் சொல் அடிக்கடி தென்படுகிறது. ‘பக்கச்சரிவு’ எழுதலாம் என்றிருக்கிறேன். ஆனால் இறக்கை சாய்வதற்கும் விமானம் பக்கவாட்டில் வழுக்கிப் போவதற்கும் வேறுபாடு தெரிய வேண்டும். ‘பக்கவழுக்கு’ யாருக்காவது உறுத்துகிறதா?