ஒரே நோய், இரண்டு தம்பிகள்: மைக்ரோஆர்என்ஏதான் காரணமா?

கூடலூர்_மழை:
என் தம்பிகள் இரண்டு பேருக்கும் சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த ஜீன் வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் இருவருக்கும் எஸ்எஸ் (ஜீனின் இரண்டு பிரதியும் மாறியது) என்றுதான் இருக்கிறது. ஆனால் ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் பெரியவன் அடுப்படியை விட்டு நகர மாட்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு குடைகிறது என்பான், அம்மா ராத்திரி முழுக்கத் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். சின்னவன் அதே மழையில் பந்து விளையாடிவிட்டு வந்து சோறு கேட்பான். ஒரே ஒரு எழுத்து மாறியதால் வரும் நோய் என்கிறார்களே, அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? கல்லூரியில் மேடத்திடம் கேட்டேன், "மைக்ரோஆர்என்ஏவைப் பற்றிப் படி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். படித்தேன், தலை சுற்றுகிறது.

நுண்ணோக்கி:
மேடம் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான். ஜீனிலிருந்து புரதம் வர நடுவில் தூது ஆர்என்ஏ, அதாவது ஜீனின் நகல், வேண்டும். மைக்ரோஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துண்டு. ஆர்கோநாட் என்ற புரதத்தின் மேல் ஏறிக்கொண்டு, பொருந்துகிற தூதைப் பிடித்து, புரதம் ஆகவிடாமல் தடுக்கும் அல்லது சிதைத்துவிடும். 1993இல் ஒரு குட்டிப் புழுவில் இதை முதலில் கண்டவர்கள் ஆம்ப்ரோஸும் ருவ்குனும், 2024இல் நோபல் கிடைத்தது. பொருந்துவதற்கு ஏழெட்டு எழுத்து போதும். இனிஷியலை மட்டும் பார்த்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அதனால் ஒன்றே நூற்றுக்கணக்கான தூதுகளின் மேல் கை வைக்கும். ஒவ்வொன்றிலும் குறைப்பது பெரும்பாலும் கொஞ்சம்தான்.

இப்போது உங்கள் விஷயம். சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும், ஆனால் மைக்ரோஆர்என்ஏக்கள் உள்ளேயே தங்கிவிடும். அதில் மிர்-144, மிர்-451 (மிர் என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம்) இரண்டும் ஒரே இழையிலிருந்து பிறக்கும் ஜோடி. (451 ஒரு விசித்திரப் பிறவி. மற்றவற்றை டைசர் என்ற நொதி நறுக்கும், கொண்டை ஊசி மாதிரி மடிந்த இதன் இழை அதற்கு எட்டாத அளவு குட்டை என்பதால் ஆர்கோநாட்டே வெட்டிக்கொள்கிறது.) 144 கூடினால் என்ஆர்எஃப்2 என்ற புரதம் குறையும், அது குறைந்தால் செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளும் குறையும், ஆக்சிஜனேற்றச் சேதத்தை அந்தச் செல்லால் தாங்க முடியாது. சிக்கிள் செல் நோயாளிகளில் 144 அதிகம் உள்ளவர்களுக்குச் சோகையும் கடுமையாக இருப்பதை 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

இன்னொரு வழி, கருக்கால ஹீமோகுளோபின் (ஹெச்பிஎஃப்), குழந்தை கருவில் இருக்கும்போது உருவாகும் வகை. பிறந்த குழந்தைக்குச் சிக்கிள் தொல்லை இல்லாததே அதனால்தான். 13ஆம் குரோமோசோம் மூன்றாகப் பிறக்கும் குழந்தைகளில் இது சீக்கிரம் குறையாது. அந்தக் குரோமோசோமில் உள்ள மிர்-15ஏ, மிர்-16-1 இரண்டும் கூடிப்போய், கருக்கால ஹீமோகுளோபினைக் குறைக்கும் மிப் என்ற ஜீனை அடக்குவதுதான் காரணம் என்று 2011இல் காட்டினார்கள். இதே ஜோடி தொலைந்துபோவதை ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றில் 2002லேயே பார்த்திருந்தார்கள். அதனால் "நல்ல மிர், கெட்ட மிர்" என்று எழுதுகிற கட்டுரைகளை நம்பாதீர்கள், எந்தச் செல்லில் என்பதுதான் கேள்வி.

குன்னூர்_லேப்காரன்:
அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் இதைக் கேட்டுவிட்டு மிர்-144 டெஸ்ட் எங்கே எடுப்பார்கள் என்று அலையாதீர்கள் தங்கச்சி. இது ஆய்வுக்கூட விஷயம், சிகிச்சை முடிவு செய்யும் டெஸ்ட் இல்லை. அதோடு நம் ஊர்ச் சங்கடம் ஒன்று உண்டு. ரத்தத்தைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் குலுக்கிக்கொண்டு போனால் சிவப்பணு உடையும், சீரம் ரோஸ் கலரில் நிற்கும், உள்ளே இருந்த 451 எல்லாம் பிளாஸ்மாவில் கொட்டிவிடும். பிளாஸ்மாவில் 451 அதிகம் என்றால் முதலில் சாம்பிள் கெட்டதா என்றுதான் பார்ப்போம். வேறு இடத்தில் ஒரு தடவை அப்படிக் கெட்ட சாம்பிளைப் பார்த்தேன், ரிப்போர்ட் எழுதியே அனுப்பிவிட்டார்கள்!

முதலில் தம்பிகளின் பழைய ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் டெஸ்ட்) தாளை எடுங்கள். ஹெச்பிஎஃப் எத்தனை சதவீதம்? ஆல்பா தலசீமியா (ஹீமோகுளோபினின் ஆல்பா பகுதி குறைவாக உருவாகும் பரம்பரைக் குறை) கூடவே இருக்கிறதா? அண்ணன் தம்பி வித்தியாசத்துக்கு இவை இரண்டும் மிர்களை விடப் பெரிய காரணங்கள். மழையில் குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

கூடலூர்_மழை:
அப்போ மைக்ரோஆர்என்ஏவை வைத்து மருந்தே இல்லையா?

நுண்ணோக்கி:
அதன் சட்டையை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் உருவாகாமல் நிறுத்துவது பிசிஎல்11ஏ என்ற ஜீன். அதை அடக்கும் செயற்கைத் துண்டை மிர்-223 வடிவத்துக்குள் ஒளித்து, நோயாளியின் சொந்த ரத்த மூலச்செல்களில் ஏற்றிப் பாஸ்டனில் ஆறு பேருக்குக் கொடுத்த முடிவு 2021இல் வந்தது, ஹெச்பிஎஃப் நன்றாக ஏறியது. ஆனால் கீமோ கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்த பிறகுதான் இது. இங்கே இப்போதைக்குக் கைக்கு எட்டுவது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைதான், அதுவும் டாக்டர் சொல்லி, ரத்தம் பார்த்துப் பார்த்து.

கூடலூர்_மழை:
தாள் கிடைத்துவிட்டது, அம்மா ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். ஹெச்பிஎஃப் பெரியவனுக்கு 8.4, சின்னவனுக்கு 19.6.

குன்னூர்_லேப்காரன்:
மாத்திரை ஆரம்பித்த பிறகு எடுத்ததா? அதுவே ஹெச்பிஎஃப்-ஐ ஏற்றும், தேதியைப் பாருங்கள்.

கூடலூர்_மழை:
இரண்டுமே மாத்திரைக்கு முந்தியவை. ஆல்பா தலசீமியா பார்த்ததாகத் தாளில் எதுவும் இல்லை, அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிறேன்.