அக்கா மகன் ரக்பி லீக் ஃபார்வர்ட் ஆகப்போகிறேன் என்கிறான், அந்த வாழ்க்கை எத்தனை வருஷம் ஓடும்?

ஈசூன்வாசி:
வணக்கம். அக்கா மகன் உயர்நிலை 3 படிக்கிறான். இணைப்பாட நடவடிக்கை ரக்பி, நல்ல உடல்வாகு. சிட்னியில் இரவு 8 மணிக்கு நடக்கும் என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்) ஆட்டம் சிங்கப்பூரில் நமக்கு 6 மணிக்கே வந்துவிடுகிறதா, வெள்ளிக்கிழமை டியூஷனை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறான். இப்போது ஆஸ்திரேலியா போய் ஃபார்வர்ட் ஆகப்போகிறேன் என்கிறான். அவனுக்கு அப்பா இல்லை, அக்கா என்னைப் பேசச் சொல்கிறாள். எனக்குக் காற்பந்து தவிர எதுவும் தெரியாது. அவர்கள் எந்த வயது வரை ஆடுவார்கள், வேலை எப்படிப்பட்டது? விஷயம் தெரியாமல் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

பிரிஸ்பன்_ரிட்டர்ன்:
ஆறு வருஷம் பிரிஸ்பனில் வேலை பார்த்தேன், சன்கார்ப் அரங்கத்தில் நிறைய ஆட்டம் பார்த்திருக்கிறேன். ரக்பியில் இரண்டு வகை. நம் பள்ளிகளில் ஆடுவது யூனியன், 15 பேர். லீக்கில் 13 பேர், அதில் 6 பேர் ஃபார்வர்ட், முன்னால் நின்று மோதுகிறவர்கள். ஆறு டேக்கிளுக்குள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள்) ட்ரை போடாவிட்டால், அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுக்காவிட்டால், பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கிற அணி 10 மீட்டர் பின்னால் ஓடி, மறுபடி முன்னால் வந்து மோதவேண்டும். ப்ராப் என்கிற 8, 10ஆம் எண் ஆட்டக்காரர்களின் வேலை, 100 கிலோவுக்கு மேற்பட்ட உடம்போடு, மூன்று பேர் காத்திருக்கிற இடத்துக்கே பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடுவது, விழுவது, எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவது, திரும்பவும் ஓடுவது. ட்ரை போட்டவன் பெயர்தான் மறுநாள் பேப்பரில் வரும். எனக்கு மனசில் நிற்பவர் பெட்டெரோ சிவோனிசேவா. ஃபிஜியில் பிறந்து பிரிஸ்பன் பக்கம் வளர்ந்தவர், 1998இல் பிரிஸ்பன் ப்ரான்கோஸ் அணியில் தொடங்கி, நடுவில் பென்ரித் அணிக்குப் போய், திரும்பி வந்து 2012இல் 36 வயதில் என்ஆர்எல்லை முடித்தபோது 300 ஆட்டங்களைத் தாண்டியிருந்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது, ஆனால் அமைந்தால் எவ்வளவு பெரிய வாழ்க்கை என்று பையனுக்குச் சொல்லுங்கள்.

பழைய_ப்ராப்:
அண்ணன் சொன்னது சரி. நான் இங்கே யூனியனில் ப்ராப், 26 வயதில் தோள்பட்டை அறுவை சிகிச்சையோடு நிறுத்தினேன், மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க இன்னமும் இடதுகைதான். சவுத் சிட்னி அணியின் ஃபார்வர்ட் சாம் பர்ஜஸ் 2014 என்ஆர்எல் இறுதியாட்டத்தில் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் 80 நிமிடமும் ஆடினார், சவுத் சிட்னி 43 வருஷம் கழித்துக் கோப்பை வாங்கியது. பையன்கள் அந்தக் காணொளியைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அதே பர்ஜஸ் 2019இல், 30 வயதில், தோள்பட்டையால் ஓய்வு பெற்றார். அப்புறம் தேசிய சேவை, நம் பையன்களுக்குக் கட்டாயமான ராணுவச் சேவை. அங்கே கிளப்புகளின் இளையர் அணிகளில் பையன்கள் முளைத்து வருவது 18, 19, 20 வயதில், நம் பிள்ளைகள் அப்போது ராணுவத்தில் இருப்பார்கள். 2018இல் ஃபுல்ஹம் காற்பந்துக் கழகத்தில் ஒப்பந்தம் கிடைத்த சிங்கப்பூர்ப் பையனுக்கே சேவையைத் தள்ளிப்போட அனுமதி கொடுக்கவில்லை. அந்தக் கணக்கை இப்போதே போட்டு வையுங்கள்.

வார்டு_மலர்:
தம்பி, தலையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தாதி. கேன்டர்பரி அணியில் பல வருஷம் ஃபார்வர்டாக ஆடி, பிறகு பயிற்றுவிப்பாளராகவும் இருந்த ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் 59 வயதில் இறந்தார். அவருடைய மூளையில் சிடிஇ இருந்தது பிறகு தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள நோய் அது, இறந்தபின் மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த ஆட்டக்காரர் 11 நாள் ஆடக்கூடாது என்று என்ஆர்எல் 2023இல் விதி கொண்டுவந்தது. உங்கள் பையனுக்கு இதுவரை தலையில் அடிபட்டிருக்கிறதா? தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து பேசினோம். பர்ஜஸின் தோள்பட்டை விஷயம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். சிவோனிசேவாவைத் தெரியவில்லை, அங்கேயே போனில் தேடினான். அப்புறம் மலர் அக்கா கேட்கச் சொன்னதை, தலையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. போன வாரம் பயிற்சியில் யாருடைய முட்டியோ தலையில் பட்டு, சில நொடி என்ன நடந்தது என்றே தெரியவில்லையாம். இன்னமும் தலைவலி வந்து போகிறதாம். சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு லீவு போட்டுப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டரிடம் என்னென்ன சொல்லவேண்டும் மலர் அக்கா?

வார்டு_மலர்:
அடிபட்ட தேதி, எவ்வளவு நேரம் நினைவு தப்பியது, வாந்தி வந்ததா, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதா, தூக்கம் எப்படி, பாடத்தில் கவனம் எப்படி, எல்லாவற்றையும் அவனையே எழுதச் சொல்லிக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு பயிற்சியும் வேண்டாம், பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பும் வேண்டாம். இன்றிரவு தலைவலி கூடினாலோ வாந்தி எடுத்தாலோ காலைவரை காத்திருக்காமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.