‘நீல ஒளி’ (1932): மலையை வழிபடும் படமா, ஊரைச் சாடும் படமா?

மலைப்பாதை:
‘நீல ஒளி’ என்ற ஜெர்மன் படத்தை வெறும் அழகுக்காகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை இயக்கி, நாயகி யுண்டாவாகவும் நடித்த லேனி ரீஃபன்ஸ்டால், மறு ஆண்டே நியூரம்பெர்க்கில் நாஜிக் கட்சி மாநாட்டைப் படம்பிடித்தார். சிகரம் புனிதமானது, அடிவாரத்தில் பிழைப்பவர்கள் அற்பர்கள் என்ற பார்வை இந்தப் படத்திலேயே வேர்விட்டிருக்கிறது. மலையேற்றத்தையும் சிகரங்களையும் கொண்டாடும் ஜெர்மன் மலைப்படங்களுக்கும் நாஜி மனப்பாங்குக்கும் உள்ள உறவைத் திரைப்பட விமர்சகர் க்ராகவர் 1947இலேயே எழுதிவிட்டார்.

படச்சுருள்:
க்ராகவரை நானும் மதிக்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த படத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். திரைக்கதையில் பங்கேற்ற பேலா பலாஷ் ஹங்கேரிய யூதர், மார்க்சியர். கதையைப் பாருங்கள்: பௌர்ணமி இரவில் குகையிலிருந்து வீசும் ஒளியைத் தேடி ஏறும் இளைஞர்கள் விழுந்து சாக, வழி தெரிந்த யுண்டாவை ஊரார் சூனியக்காரி என்று விரட்டுகிறார்கள். அவளை நேசிக்கும் ஓவியன் விகோ, ஊர் பிழைக்கட்டும் என்று வழியைச் சொல்லிவிட, அவர்கள் அந்த ஒளியைத் தரும் படிகங்களை ஒன்றுவிடாமல் பெயர்த்துச் செல்கிறார்கள். வெறுமையான குகையைக் கண்ட பிறகு அவள் விழுந்து இறக்கிறாள். பேராசையைச் சாடும் கதை அல்லவா இது?

மலைப்பாதை:
நான் இடறுவதும் அங்கேதான். ஏழை ஊர் தன் மலையில் கிடைத்ததை எடுத்து விற்பது எப்படிப் பாவமாகும்? பலாஷின் பெயரைச் சொன்னீர்கள். அவர் தன் ஊதியத்தைக் கேட்டுக் கோரிக்கை எழுப்பியபோது ரீஃபன்ஸ்டால் அந்த விவகாரத்தை யூத வெறுப்பாளர் யூலியுஸ் ஷ்ட்ரைகரிடம் ஒப்படைத்தார். 1938 மறுவெளியீட்டில் பலாஷின் பெயரே இல்லை.

படச்சுருள்:
அது ரீஃபன்ஸ்டாலின் இழிவு. அதற்காகப் படத்தையே ஒதுக்கினால் பலாஷின் உழைப்பை நாமும் மறுபடி அழித்தவர்கள் ஆவோம். மேலும், ஊராராக வருபவர்கள் பெரும்பாலும் இத்தாலியின் தென் திரோல் பகுதியிலுள்ள சார்ன் பள்ளத்தாக்கு விவசாயிகள். தேவாலய வாசலில் அவர்கள் நிற்பதை ஒளிப்பதிவாளர் ஷ்னேபெர்கரின் கேமரா படம்பிடித்திருக்கும் விதத்தை எந்தக் கொள்கையோடு சேர்ப்பீர்கள்?

மலைப்பாதை:
அந்த முகங்களை நானும் மறக்கவில்லை. ஆனால் சுருக்கம் சுருக்கமாகச் செதுக்கிய மரச்சிற்பங்களைப் போல அவர்களைக் காட்டும் அதே கேமரா, மெல்லிய ஒளிப்படலத்தை யுண்டாவின் முகத்துக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறது.