தனி கிதாரோடு மேடையில் பாடிய பதிவுகள்: பரிந்துரை வேண்டும்

நண்பர்களே, தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுகிறவர்கள் என்றால் எனக்குப் பித்து. அதிலும் ரசிகர்கள் முன்னால் பாடிப் பதிவானவை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஸ்டூடியோ மெருகு எனக்கு ஒத்துவராது.

அமெரிக்கப் பாடகர் டவுன்ஸ் வான் ஸான்ட் 1973 ஜூலையில் ஹூஸ்டனின் ‘ஓல்டு குவார்ட்டர்’ என்ற சிறிய மதுக்கூடத்தில் பாடியது, 1977இல்தான் இரட்டை இசைத்தட்டாக வந்தது. நடுநடுவே சிரிக்கச் சிரிக்கத் துணுக்குகள் சொல்வார். உடனே அடிவயிற்றைப் பிசையும் ஒரு பாட்டு! கனடாக்காரர் நீல் யங் 1971 ஜனவரியில் டொரான்டோவின் மாஸி ஹால் அரங்கில் பாடியதும் எனக்கு மனப்பாடம்.

கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் 1974 மேடைத் தொகுப்பில், பிடித்த பாட்டுகளைக் கேட்டுக் கத்துகிறவர்களிடம், வான்கோவிடம் யாரும் பழைய ஓவியத்தையே மறுபடி வரையச் சொன்னதில்லையே என்பார். அந்தக் குறும்புக்காகவே அடிக்கடி கேட்கிறேன். ஆனால் அதில் பல பாட்டுகளுக்குப் பக்கவாத்தியக் குழு உண்டு.

எனக்கு வேண்டியது: பெண் பாடகர், சிறிய அரங்கு, ஒரு கிதார் அல்லது பியானோ, பாட்டுகளுக்கு இடையே பேச்சு. எந்த ஆண்டானாலும் சரி. தொகுப்பின் பெயரோடு, முதலில் எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்றும் எழுதுங்கள். சிடியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.