வடபழனி வீடு குரூப்: பாட்டி போட்டோ

நித்யா: பிரேம் கடைலேருந்து மறுபடி போன். 7 மணிக்குள்ள பாட்டி போட்டோ போனாதான் ஞாயிறு காரியத்துக்கு ரெடியாகுமாம். கார்த்தி அண்ணா எங்க?

பெரியப்பா: நான் கார்த்தி. அப்பா போன்லேருந்து. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல அஸ்தி கரைக்கும்போது என் போன் கடல்ல விழுந்துடுச்சு. எடுத்தாச்சு, ஆன் ஆகல

மதுரை அத்தை: நல்லபடியா கரைச்சாச்சா அண்ணா. 22 தீர்த்தமும் ஆடினீங்களா

கோமதி சித்தி: காரியம் முடியாம கோயிலுக்குள்ள எப்படிப் போவாங்க அண்ணி

மதுரை அத்தை: எனக்கும் தெரியும் கோமதி. சும்மா கேட்டேன்

விக்கி: போனை அரிசில போடு மச்சான்

சேகர் சித்தப்பா: போடாதே. ஆப்பிள்காரனே வேண்டாம்ங்கிறான், துகள் உள்ள போயிடும். சார்ஜும் போடாதே

நித்யா: போட்டோ??

பெரியப்பா: பெண்டிரைவ்ல இருக்கு நித்தி. கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீஸ் மேக்ல காப்பி பண்ணது. இங்க லேப்டாப்ல ஒண்ணுகூட திறக்கல. எல்லாம் 4 கேபிதான் காட்டுது. போச்சு

மதுரை அத்தை: என்னது போச்சு. அண்ணா பை தொலைஞ்சிடுச்சா

விக்கி: ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி சொருகிப் பாரு

சேகர் சித்தப்பா: 🎤 4:12

நித்யா: சித்தப்பா நான் பஸ்ல இருக்கேன், டைப் பண்ணுங்க ப்ளீஸ்

சேகர் சித்தப்பா: விக்கி சொல்றதைக் கேக்காதே, ஃபார்மட் பண்ணா மொத்தமும் காலி. நிதானமாப் படி. பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி, ஒரு அடிக்கோடு இருக்கா? அது போட்டோவே இல்ல. மேக்லேருந்து பெண்டிரைவ்ல போடும்போது அதுவா எழுதி வைக்கிற குறிப்பு, மேக்ல மறைஞ்சிருக்கும், விண்டோஸ்ல கண்ணுக்குத் தெரியும். அதே நம்பர்ல புள்ளி இல்லாம இன்னொரு ஃபைல் இருக்கும். அதுதான் படம். எத்தனை எம்பின்னு பாரு

விக்கி: 😶

பெரியப்பா: ஆமா இருக்கு!! 2 எம்பி. ஆனா அதுவும் திறக்கல. கடைசில எச்இஐசின்னு இருக்கு

சேகர் சித்தப்பா: அப்ப படம் பத்திரமா இருக்கு. 2017ல ஐஓஎஸ் 11 வந்ததிலேருந்து ஐபோன் இப்படித்தான் சேமிக்குது. ஜேபிஜில பாதி இடம்தான் பிடிக்கும். விண்டோஸ்ல அதுக்குத் தனியா ஒரு எக்ஸ்டென்ஷன் போடணும், ஸ்டோர்ல இருக்கு

பெரியப்பா: ஆபீஸ் லேப்டாப் சித்தப்பா. அட்மின் பாஸ்வேர்டு கேக்குது

விக்கி: பேரை ஜேபிஜின்னு மாத்திடு

சேகர் சித்தப்பா: டப்பாமேல சர்க்கரைன்னு எழுதினா உள்ள இருக்கிற உப்பு இனிக்குமா

நித்யா: ஐக்ளவுட்ல இருக்காதா அண்ணா

பெரியப்பா: ஓசில குடுத்த 5 ஜிபி எப்பவோ ரொம்பிடுச்சு

கோமதி சித்தி: இலை 150 சொல்லவா 200 சொல்லவா

மதுரை அத்தை: நம்ம வீட்டு ஆளுங்களே 120 தேறும். போன தடவை மாதிரி எங்களைக் கடைசிப் பந்தில உக்கார வைக்காம இருந்தா சரி

கோமதி சித்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சேகர் சித்தப்பா: கார்த்தி, லேப்டாப்ல வாட்ஸ்அப் வெப் திற. அண்ணன் போன்ல கியூஆர் ஸ்கேன் பண்ணு. போட்டோன்னு அனுப்பாதே, டாகுமென்ட்னு அனுப்பு. அப்பதான் குறையாம அப்படியே வரும். நித்யா, உன்கிட்ட ஐபோன்தானே

நித்யா: ஆமா

பெரியப்பா: 📄 ஐஎம்ஜி 2214
📄 ஐஎம்ஜி 2219

நித்யா: வந்துடுச்சு!!! பொங்கலன்னிக்கு எடுத்தது. கரும்பைக் கடிச்சிக்கிட்டே சிரிக்குது 😭 இன்னொண்ணுல கண்ணாடி போட்டு முறைக்குது

விக்கி: முறைக்கிறதுதான் ஒரிஜினல் பாட்டி

சேகர் சித்தப்பா: புது போன் வாங்கினதும் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் காம்பாட்டிபிள் வை. அப்புறம் எல்லாமே ஜேபிஜிதான். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வை. ஒண்ணு என்கிட்ட

பெரியப்பா: ம்

மதுரை அத்தை: சிரிக்கிற போட்டோ சாமி ரூம்ல மாட்ட நல்லா இருக்காது. அரக்குப் பட்டு கட்டி ஸ்டூடியோல எடுத்தது இருக்குமே

கோமதி சித்தி: அது உங்க வீட்லதான் இருக்கு அண்ணி. 60ஆம் கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போனீங்க

மதுரை அத்தை: நான் திருப்பிக் குடுத்துட்டேன். அண்ணனைக் கேளு

பெரியப்பா: அப்பா படுத்துட்டாரு அத்தை. ராத்திரி ரயிலுக்கு எழுப்பணும்

நித்யா: மணி 6:40. கடைக்காரர் எதைப் போடன்னு கேக்குறார். 12க்கு 18, தேக்கு பிரேம்

விக்கி: ரெண்டையும் போடச் சொல்லு

சேகர் சித்தப்பா: ரெண்டு பிரேமுக்கும் யார் குடுக்கிறது

நித்யா: அத்தை?

நித்யா: அத்தை ப்ளூ டிக் வந்துடுச்சு