கார் ஷெட் கதவின் 'சீல்': ஒரே சொல் போதுமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். கட்டுமானச் சொற்பட்டியலில், கதவோரம் ஒட்டும் ரப்பர் 'சீலு'க்கு 'முத்திரைப் பட்டை' என்று யாரோ பதிந்திருக்கிறார்கள். அது தாசில்தார் குத்தும் சீல், கதவுக்கு ஆகாது. 'அடைப்பான்' என்றால் மாட்டுக்கு வரும் நோய். மரக்கலப் பலகைச் சந்தில் பஞ்சு திணிப்பதைக் குறிக்கும் 'கலப்பற்று' அழகான பழஞ்சொல்தான், ஆனால் அது அசையாத சந்துக்கு உரியது. 'இடுக்கடைப்பு' என முன்மொழிகிறேன். மறுப்பு உண்டா?

மடல் 2

உண்டு ஐயா. கடையில் 'ரப்பர் பீடிங்' கேட்டால் ஒன்று தருவார்கள், 'பிரஷ்' கேட்டால் வேறொன்று. வேலை செய்யும் விதமே வேறு.

இரட்டைக் கதவு நிலையின் காடியில் (வெட்டுப் பள்ளத்தில்) போய் அழுந்தும். அங்கே உள்ளீடற்ற ரப்பர் நசுங்கி இடுக்கை மூடுகிறது. 6 மி.மீ. இடுக்குக்கு 9 மி.மீ. உயர, ஆங்கில 'D' எழுத்து வடிவ ரப்பர் போட்டால் மூன்றிலொரு பங்கு அமுங்கும், அது போதும். அமுக்கம் குறைந்தால் சாரல் நுழையும். கூடினால் தாழ்ப்பாள் விழாது, கதவை உதைத்துச் சாத்துவார்கள், கீல் தளரும். ஆகவே கதவைச் சாத்திவைத்து மேல், நடு, கீழ் மூன்றிடத்திலும் அளந்த பிறகே வாங்க வேண்டும். ஒட்டும்போது ரப்பரை இழுக்கவே கூடாது. பிறகு அது சுருங்கி மூலையில் சந்து விடும்.

ஷட்டர் அப்படி அழுந்துவதில்லை, பக்கக் காடியில் வழுக்கி ஏறி இறங்குகிறது. நசுங்கும் ரப்பரை அங்கே வைத்தால் உரசிச் சுருண்டு கிழியும். அதனால்தான் நைலான் பிரஷ். அது தூசியையும் கரப்பானையும் தடுக்கும், காற்றோடு அடிக்கும் மழையைத் தடுக்காது. அதற்கு 'அடைப்பு' என்று பெயர் வைப்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது.

என் பரிந்துரை: பொதுப்பெயர் இடுக்குப்பட்டை. நசுங்குவது அமுங்குபட்டை, பிரஷ் வருடுபட்டை.

மடல் 3

'வருடுபட்டை' அருமை. 'உரசுபட்டை' என்றால் தேய்மானம்தான் கண்ணில் நிற்கும்.

தரை விடுபட்டுவிட்டது. ஷட்டரின் அடிச்சட்டத்தில் மாட்டும் ரப்பர் சிறு மேடுபள்ளத்துக்குத்தான் வளைந்து கொடுக்கும். அதற்கும் மேலே தரை கோணலாக இருந்தால், குறுக்கே ஒரு ரப்பர் மேட்டைத் தரையோடு ஒட்டுவார்கள். வாசற்படி என்றால் காலைத் தூக்கி வைக்கத் தோன்றும். இதன்மேல் வண்டி ஏறிப் போக வேண்டும். 'தரைவரப்பு' எனலாமா? வயல் வரப்பு போலத் தண்ணீரை மறிப்பது. நனைந்த கார் உள்ளே வடித்த நீரையும் வெளியே விடாமல் தேக்கும் என்பதால், நன்மை தீமை இரண்டுக்கும் பெயர் பொருந்துகிறது!

கான்கிரீட்டில் எண்ணெய்க்கறை இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, அது முழுதும் இறுகும்வரை வண்டியை ஏற்றாமல் இருக்க வேண்டும். இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வெயிலைத் தாங்கும், ஆனால் என்ஜின் ஆயில் பட்டால் உப்பிவிடும். ஆயில் சொட்டும் தரைக்கு நைட்ரைல் ரப்பர் மேல்.

மடல் 4

நான்கு பெயர்களையும் ஏற்கிறேன். 'இடுக்கடைப்பை' விலக்கிக்கொள்கிறேன்.

விளக்கக் குறிப்பில் இரண்டு வரி சேர்க்கிறேன். சாரல் நேரே அடிக்கும் வாசலில் புத்தகமோ மின்கருவியோ வைப்பதானால் ஷட்டரைத் தவிர்த்து, நான்கு பக்கமும் அமுங்குபட்டை வைத்த இரட்டைக் கதவே நல்லது; ஷட்டரின் தகடுகள் கோத்த இடங்களை எந்தப் பட்டையாலும் மூட முடியாது. பெட்ரோல் வண்டி நிற்கும் ஷெட்டில் எல்லா இடுக்கையும் மூடிவிட்டு, சுவரில் காற்றுத்துளை இல்லாமல் விடக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, எனவே தரையோரம் ஒரு துளை கட்டாயம்.

தட்டச்சு செய்வோர் கவனிக்க: இடுக்குப்பட்டையில் 'ப்' மிகும். அமுங்குபட்டை, வருடுபட்டை இரண்டும் வினைத்தொகை; அங்கே மிகாது.