118 படிகளில் பாதி வழியில் ஒரு பாட்டி

பயணத்தில் மறக்க முடியாத சந்திப்பு என்றால் எனக்குக் கீவாதான். உஸ்பெகிஸ்தானில், பழைய பட்டுப்பாதையில் இருந்த ஊர். உர்கெஞ்சில் ரயிலிறங்கி ஷேர் டாக்சியில் போனேன். டிரைவர் இரண்டு மடங்கு வாங்கிவிட்டார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. சரி, அது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்துக்கு இச்சான் கலா என்று பெயர். கோட்டை என்றால் கல் என்று நினைத்துப் போனவன் நான். இங்கே 10 மீட்டர் உயரத்துக்கு மண் சுவர்! சுடாத செங்கல், அதற்கு மேல் மண்ணும் வைக்கோலும் குழைத்த பூச்சு. தடவிப் பார்த்தால் வைக்கோல் துணுக்கு விரலில் குத்துகிறது. மழையில் கரைந்த இடங்களில் புதுப் பூச்சு, திட்டுத் திட்டாக வேறு நிறத்தில். ஓரிடத்தில் சுவரின் சரிவிலேயே கல்லறைகள் ஏறிக் கிடக்கின்றன.

பட்டுப்பாதை என்றதும் பட்டும் மசாலாவும்தான் என் கண்ணில் வரும். கிழக்கே பால்வான் வாசலில் அந்த நினைப்பு கலைந்தது. அதை ஒட்டித்தான் அடிமைச் சந்தை நடந்திருக்கிறது. 1873-இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்த பிறகுதான் அந்த வியாபாரம் ஒழிந்தது. வாசலே ஒரு நீண்ட கூடம், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். நான் போனபோது ஓர் அறையில் கம்பளித் தொப்பி விற்றார்கள். விலை கேட்க மனசு வரவில்லை.

நீல ஓடு பதித்த கால்தா மினார் என்ற கோபுரத்தை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். கட்டச் சொன்ன கான், அதாவது ஊரை ஆண்ட மன்னர், 1855-இல் போரில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றுவிட்டது. கொழுக்கட்டை மாதிரி குட்டையாக நிற்கிறது. எனக்கு அதைவிட இஸ்லாம் கோஜா மினார்தான் பிடித்தது. 1910 வாக்கில் கட்டியது, 56 மீட்டர், உள்ளே 118 படிகள்.

படியா அது! ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஒரே ஆள் போகிற அகலம், கும்மிருட்டு. பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றபோது மேலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. பூப்போட்ட தலைத்துணி கட்டிய பாட்டி ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டேன். அவர் என் தோளில் கையை ஊன்றிக் கீழ்ப்படியில் காலை வைத்தார். அப்புறம் செல்போன் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து, "ஹிந்திஸ்தான்?" என்றார். தலையாட்டினேன். "ராஜ் கபூர்!" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு அந்தச் சுருள் படி முழுக்க எதிரொலித்தது.

மேலே போய் ஊரைப் பார்த்துவிட்டு நடுங்கும் கால்களோடு இறங்கினால், பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காட்டினார். நடுவில் முத்திரை குத்திய வட்ட ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தார். அவருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. விரலை மடக்கித் தனக்கு ஏழு பேரப்பிள்ளைகள் என்றார். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று சைகையில் கேட்டார். கையை விரித்தேன். மீதிப் பாதி ரொட்டியையும் என் மடியில் வைத்துவிட்டார்.